84 டிகிரிதான் காட்டியது, ஆனாலும் திரையில் கட்டங்கள்

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் கடைசியில் பிஜி ரூமைக் காலி செய்துவிட்டு, இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை என்று காவேரிப்பட்டணம் வந்து சேர்ந்தான். கூடவே அவனுடைய கேமிங் கம்ப்யூட்டரும் பஸ்ஸில் வந்தது. மூன்றாம் நாள் எனக்குப் போன். "மாமா, கேம் போட்டா கொஞ்ச நேரத்துல திரை முழுக்கக் கட்டம் கட்டமா கலர் வருது. சில சமயம் அப்படியே கறுப்பாயிட்டு திரும்ப வருது. கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

நான் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பராமரிப்பு எலெக்ட்ரீஷியன். மே மாதம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத காலத்தின் தொடக்கம். பெங்களூரா மாங்காய் லாரி வர ஆரம்பித்துவிட்டால் மோட்டாரும் டிரைவும் இரவு பகலாக ஓடும். அதனால் ஷிஃப்ட் முடிந்த பிறகு இரவில்தான் இந்த வேலையில் உட்கார முடிந்தது. விட்டு விட்டு ஐந்து இரவுகள் பிடித்தன. தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இதே தொல்லையில் கார்டைத் தூக்கிப் போட நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் அந்தக் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060, 6 ஜிபி. இந்த வகை 2019 ஜனவரியில் வந்தது. இவன் போன வருடம் பழசாக வாங்கியிருக்கிறான். இரண்டு ஃபேன், பின்தகடு இல்லாத மாடல். பவர் சப்ளை 550 வாட். கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று ஃபேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் இரவு எல்லோரும் செய்வதைச் செய்தேன். கார்டு ஸ்லாட்டில் தொங்கியபடியே 90 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறது. அதைக் கழற்றி, தங்க நிறக் கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஸ்லாட் பூட்டு 'டிக்' என்று விழும்வரை அழுத்தி மறுபடி மாட்டினேன். பழைய டிரைவரை சேஃப் மோடில் போய் டிடியு மென்பொருளால் அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். பவர் கேபிளையும் பிடுங்கிச் செருகினோம். பிறகு அவனுடைய கார் ரேஸ் கேமைப் போட்டு, பக்கத்தில் வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவை ஓடவிட்டோம். பதினெட்டாவது நிமிடம் பச்சையும் ரோஸுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். அப்புறம் சாலையோர மரங்களிலிருந்து முக்கோணமாகக் கூர்முனைகள் நீண்டன. அதோடு படம் உறைந்து நின்றது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தது. திரை டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டும் எழுந்தது என்பதுதான் அதன் பொருள். இரண்டு விநாடிக்குள் கார்டிலிருந்து பதில் வராவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரை மறுபடி கிளப்பும்.

வெப்பத்தைப் பார்த்தால் கார்டின் மையச் சில்லு 84 டிகிரி, அதற்குள்ளேயே மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட் 97. இரண்டுக்கும் 13 டிகிரி வித்தியாசம். சில்லின் சூட்டை மேலே உள்ள உலோகப் பாகத்துக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து போயிருந்தால் இந்த வித்தியாசம் 25, 30 என்று ஏறும். கார்டுக்கு என்விடியா கொடுத்திருக்கும் மேல் வரம்பு 88. சூடுதான், ஆனால் வரம்புக்குள் இருக்கிறது. "வெப்பம் காரணம் இல்லை" என்று அன்று நோட்டில் எழுதினேன். அது தப்பு. அந்த ஒரு வரி எனக்கு இரண்டு இரவுகளைத் தின்றது.

இரண்டாம் இரவு உட்கார்ந்ததும் ஒன்று உறைத்தது. அவன் ஒரே மூச்சில் இரண்டு புகார் சொல்லியிருந்தான். கட்டம் வருவது ஒன்று, திரை கறுப்பாகித் திரும்புவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நோய் என்று நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கறுப்பாவது கேம் ஆடும்போது மட்டும் நடப்பதில்லை. மெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் நடக்கிறது என்றான்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கட்டம் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தை இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து பாருங்கள். படத்திலும் கட்டம் இருந்தால் கோளாறு கார்டுக்குள்ளேயே, படம் உருவாகும் இடத்தில் இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கார்டை விட்டு வெளியே வந்த பிறகு கெடுகிறது: கேபிள், மானிட்டர், இல்லையென்றால் கரன்ட். எங்கள் கட்டங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் அப்படியே விழுந்திருந்தன. கறுப்பாகும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்க நேரம் இருக்காது. அதனால் திரையை நாள் முழுக்க ரெக்கார்ட் செய்யச் சொன்னேன். மறுநாள் நாலு தடவை கறுப்பாகியிருக்கிறது. ரெக்கார்டிங்கில் ஒரு தடவைகூட இல்லை. கார்டு ஒழுங்காகப் படம் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

கறுப்பான நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தான். காலை 6.05, 6.50, மாலை 5.30, 6.10. அந்தத் தாளைப் பார்த்ததும் அக்கா, "இது நான் மோட்டார் போட்டு நிறுத்துற நேரமாச்சே" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மோட்டாரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் கரன்ட்டில் ஒரு துள்ளல் வரும், எர்த் சரியில்லை என்றால் அது மானிட்டர் கேபிளையும் குழப்பலாம். மல்டிமீட்டரை எடுத்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் ஒரு முனையும் கீழே மெயின் போர்டின் எர்த் கம்பியிலிருந்து இழுத்து வந்த ஒயரில் மறு முனையும் வைத்தேன். 104 வோல்ட். "தொட்டா சுர்ருன்னு இருக்கும் மாமா, எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தானே" என்றான். அப்படி இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகும். எர்த் இணைப்பு இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டின் உடம்பு முழுக்க 230 வோல்ட்டில் பாதி அளவுக்குத் தூக்கி நிற்கும். மில்லி ஆம்பியரை எட்டாத கரன்ட்தான். ஆனால் பவர் சப்ளைக்குள் நிஜமாகவே ஏதாவது ஒன்று ஷார்ட் ஆகும் நாளில் அந்தக் கேபினெட்டைத் தொடுகிறவனை முதலில் காப்பாற்ற வேண்டியது எர்த்துதான். இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. இவ்வளவு காசு போட்டு வாங்கிய பெட்டியை மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டு ஒயர் மட்டும் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். எர்த் பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லை.

வீட்டில் எர்த் குழி ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து மண் பாறை மண், கத்திரி வெயிலில் குழி காய்ந்துவிடும். நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். மாடி அறைக்கு மூன்று ஒயர் கேபிள் புதிதாக இழுத்து, தனி பிளக் பாயின்ட் வைத்தேன். பேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். கேபினெட்டில் இப்போது பூஜ்யம். அக்கா மோட்டார் போட்டபோது திரை கறுப்பாகவில்லை. ஆனால் மறுநாள் ஒரு தடவை ஆனது. அப்புறம்தான் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன். ஐந்து மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிள் அது, மேலுறைக் கவசம் இருந்ததோ இல்லையோ. ஒன்றரை மீட்டரில் தடிமனான ஒன்றைப் போட்டோம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது எவ்வளவு உதவியது என்று தெரிந்திருக்காது.

சரி, கட்டங்களுக்கு வருவோம்.

அந்த அறை மாடியில், மேலே சிமெண்ட் ஷீட். மதியம் மூன்று மணிக்கு உள்ளே 39 டிகிரி, விடியற்காலை 27. அவனை இரண்டு நேரத்திலும் அதே கேமை ஆடச் சொன்னேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஆடியும் ஒரு கட்டம்கூட இல்லை. மதியம் ஒன்பதாவது நிமிடமே வந்துவிட்டது. அப்படியென்றால் வெப்பம்தான் காரணம். ஆனால் மையச் சில்லு மதியத்திலும் 84ஐத் தாண்டவில்லை. சூடு ஏற ஏற அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு அந்த அளவிலேயே நிற்கப் பார்க்கும்.

அடுத்த சந்தேகம் கார்டின் நினைவகம். கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் நினைவகத்தின் வேகத்தை மட்டும் 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைத்தோம். கட்டங்கள் ஒன்பது நிமிடத்துக்குப் பதிலாக இருபத்தைந்தாவது நிமிடம் வந்தன. ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் கார்டின் நினைவகத்தைச் சோதிக்கும் பகுதியை ஓட்டினோம். முதல் பத்து நிமிடம் பிழை பூஜ்யம், அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கி நிற்கவே இல்லை. நினைவகம்தான் சூட்டில் தடுமாறுகிறது. இந்தக் கார்டில் மையச் சில்லைச் சுற்றி ஆறு ஜிடிடிஆர்6 நினைவகச் சில்லுகள், ஒவ்வொன்றும் 1 ஜிபி. அவற்றின் வெப்பத்தை எந்த மென்பொருளும் இதில் காட்டாது. நான் இரண்டு நாளாக நம்பிய 84, வேறொரு சில்லின் காய்ச்சல்.

தொழிற்சாலையில் டிரைவ் பேனல் சூடாகிறது என்றால் திரையில் வரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரமாட்டோம், பஸ்பார் முதல் லக் வரை ஒவ்வொன்றாக அளப்போம். இங்கேயும் அதையே செய்தேன். மல்டிமீட்டரோடு வரும், வெப்பம் அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒயரின் நுனியை, கார்டின் பின்பக்கம் ஒவ்வொரு நினைவகச் சில்லுக்கும் நேர் பின்னால் சூடு தாங்கும் கேப்டன் டேப் போட்டு ஒட்டினேன். பின்தகடு இல்லாதது இதற்கு வசதியாகப் போனது. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் இதைச் செய்யாதீர்கள், பளபளக்கும் ஈயப் புள்ளிகளில் அது குறைத்துக் காட்டும். ஒரு இடத்தில் ஒட்டி, பத்து நிமிடம் கேமை ஓட்டி, எண்ணை எழுதி, நிறுத்தி, அடுத்த இடம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நாலு சில்லுகளுக்குப் பின்னால் 77 முதல் 80 வரை. பவர் கனெக்டர் பக்கம் இருந்த இரண்டுக்குப் பின்னால் 96, 98.

பலகையின் பின்புறமே 98 என்றால் சில்லு இன்னும் மேலே இருக்கும். இந்த வகை நினைவகத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் உறை வெப்ப வரம்பு 95. காரணம் கையில் அகப்பட்டுவிட்டது.

நான்காம் இரவு கார்டைப் பிரித்தோம். பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேமை ஓட்டிச் சூடாக்கிக்கொள்வது நல்லது. பேஸ்ட் இளகி இருந்தால், சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் சுலபமாகக் கழன்று வரும். இறுகிப்போன நிலையில் நெம்பினால் சில்லின் ஓரம் உடையக்கூடும். மெயினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, எர்த் ஆன இரும்பு ஜன்னலைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஸ்பிரிங் வைத்த நாலு ஸ்க்ரூ, ஓரத்தில் ஐந்து. ஒரு ஸ்க்ரூவின் மேலிருந்த ஸ்டிக்கர் முன்பே கிழிந்திருந்தது. ஹீட்சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் தூக்கினேன். ஃபேன் ஒயர் குட்டையாக இருக்கும். வேகமாகத் தூக்கினால் பலகையிலிருக்கும் கனெக்டரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவனும் குனிந்து பார்த்தான். ஹீட்சிங்கில், நினைவகச் சில்லுகளின் சூட்டை அதற்குக் கடத்தும் மெத்து மெத்தென்ற ஆறு தெர்மல் பேடுகள் ஒட்டியிருந்தன. நாலு சாம்பல் நிறம். ஒவ்வொன்றிலும் சில்லின் சதுரம் நாலு ஓரமும் தெளிவாக, மாவில் அச்சு வைத்த மாதிரி பதிந்திருந்தது. மற்ற இரண்டும் நீலம். அவற்றில் எந்தப் பதிவும் இல்லை, மேலே தூசி மட்டும் மெல்லிசாகப் படிந்திருந்தது. தொடவே தொடாத இடத்தில்தான் தூசி படியும்.

வெர்னியரால் அளந்தேன். சாம்பல் பேடின் அழுந்தாத ஓரம் 1.5 மில்லிமீட்டர். நீலம் 1 மில்லிமீட்டர். இவன் வாங்குவதற்கு முன் யாரோ திறந்து, கிழிந்துபோன இரண்டு பேடுக்குப் பதிலாகக் கையில் இருந்ததை ஒட்டி மூடியிருக்கிறார்கள். பேஸ்ட் நன்றாகவே போட்டிருக்கிறார்கள், அதனால்தான் மையச் சில்லின் எண் ஒழுங்காக இருந்தது. மெல்லிய பேடுக்கும் சில்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு காற்று. காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் அளவுதான், ஒரு சாதாரண பேடுக்கு 5, 6 இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். முடியின் அளவு இடைவெளி விட்டாலும் அந்தச் சில்லுக்குப் போர்வை போர்த்திய மாதிரிதான். பெங்களூரில் 27 டிகிரி அறையில் அது எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. இங்கே மே மாத மாடி அறையில் அறையே 12 டிகிரி கூட. அந்த 12ம் அப்படியே சில்லின் தலையில் ஏறிவிட்டது.

1.5 தான் சரியா என்று உறுதி செய்துகொள்ள நினைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொஞ்சம் விளையாட்டுக் களிமண் வாங்கி, சமையலறை பிளாஸ்டிக் தாளில் மெல்லிசாகச் சுற்றி, அந்த இரண்டு சில்லின் மேல் உருண்டையாக வைத்து, ஹீட்சிங்கை முழுக்க முடுக்கிப் பிறகு திறந்தேன். நசுங்கிய களிமண்ணின் கனம் 1.2. அங்கே 1.5 பேடு வைத்தால் 0.3 அழுந்தி நன்றாகப் பற்றும். கனமாக இருந்தால் நல்லதுதானே என்று 2 மில்லிமீட்டர் வைத்துவிடக் கூடாது. அது ஹீட்சிங்கையே தூக்கி, மையச் சில்லோடு சேரவிடாமல் செய்துவிடும். அப்புறம் ஹாட்ஸ்பாட் நூறைத் தாண்டும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மொபைல் சர்வீஸ் கடைகளில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் கிடைத்தது. ஆனால் பேடு 1 மில்லிமீட்டர்தான் இருந்தது. அவனுடைய நண்பன் பெங்களூர் எஸ்பி ரோட்டுக் கடையில் 1.5 வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வரும்போது கொடுத்தான். இரண்டை மட்டும் மாற்றாமல் ஆறையும் மாற்றினேன். ஒரே கனம், ஒரே மிருது இருந்தால்தான் ஹீட்சிங்க் சமமாக உட்காரும். பேஸ்ட்டைச் சில்லின் முழுப் பரப்பிலும் மெல்லிசாகப் பரப்பினேன். நடுவில் உள்ள நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று, அரைச் சுற்று என்று முடுக்க வேண்டும். பம்ப் ஃபிளாஞ்ச் முடுக்குவதும் இப்படித்தான்.

ஞாயிறு மதியம் மூன்று மணி, அறை 39. தெர்மோகப்பிளை அதே 98 காட்டிய இடத்தில் ஒட்டிக் கேமை ஓட்டினோம். இருபதாவது நிமிடம் 81. ஒரு மணி நேரம் கழித்து 82. ஒரு கட்டம்கூட இல்லை. ஓசிசிடியிலும் நாற்பது நிமிடத்துக்குப் பிழை பூஜ்யம். அவன் மேசையைத் தட்டிவிட்டு எழுந்தான். எனக்கும் அன்று மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது.

மையச் சில்லின் 84 மட்டும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம், 77க்கு இறங்கியது. கதவைத் திறந்ததற்கே ஏழு டிகிரி இறங்கினால் கார்டு தன் சூட்டையே திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளிதான், மூன்று ஃபேனும் அதன் வழியாகத்தான் காற்று எடுக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டோம். கதவில்லாமல் விட முடியாது, தெருவுக்குப் பின்னால் கிரானைட் பாலிஷ் பட்டறை இருக்கிறது. அறுக்கும்போது தண்ணீரோடு ஓடும் சேறு காய்ந்தால் முகப் பவுடர் மாதிரி பறக்கும். ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை வெட்டி, ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டி முன்பக்கம் மாட்டினோம். ஒரே வாரத்தில் வலை வெள்ளையாகிவிட்டது. குழாயில் காட்டினால் போய்விடும், ஐந்து நிமிட வேலை. உள்ளே ஊத புளோயர் போதும். பெட்ரோல் பங்க் காற்றில் ஈரம் இருக்கும், வேண்டாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வெறியாகச் சுழன்றால் பேரிங் தேய்ந்துவிடும்.

கடைசியாக ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தி வரும் வரைபடத்தில் 0.9 வோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தி வைத்தோம். முன்பு ஒரு வோல்ட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. 160 வாட் எடுத்த கார்டு இப்போது 125 பக்கம் எடுக்கிறது, கேமில் வேகம் குறைந்ததாக அவனுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் இந்த எண் மாறும். 0.95ல் தொடங்கி, ஒரு நாள் ஆடிப் பார்த்து, அப்புறம் இறக்குங்கள்.

இப்போது மதிய அளவு: அறை 38, மையம் 71, ஹாட்ஸ்பாட் 83, பலகையின் பின்புறம் 74. இடது ஃபேன் மட்டும் கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் போடுகிறது, அதற்கு மாற்று ஃபேன் சொல்லியிருக்கிறேன். ஜூலையில் அவன் பெங்களூர் திரும்பும்போது கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். நேற்று மாலை ஐந்தரைக்கு அவன் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தபோது கீழே அக்கா மோட்டாரைப் போட்டாள். டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கே தெரிந்தது.